ஐந்நூறு அடிச் சில்லறை

உயரமானி நாலாயிரத்து நூறு என்கிறது.
அதில் மூவாயிரத்து அறுநூறு மலைக்குச் சொந்தம்.
எங்கள் கையில் இருப்பது
ஐந்நூறு அடிச் சில்லறை.

கீழே காசல்ரீ.
மழை விட்டுப் பத்து நிமிடம்;
நீர் இன்னும் சாயம் கலங்கிக் கிடக்கிறது.
அணைக்கட்டின் மேலாக நுழைந்து
நோர்வூட் பக்கம் மூக்கை நீட்டி இறங்குவதென்று
களனி ஆற்றை விட்டு எழும்பும்போதே பேசி முடித்தது.
எந்த மரத்துக்கு நேரே வேகம் குறைப்பது,
தவறினால் எந்த மலையிடுக்கால் தப்புவது,
எல்லாம் நான் ஒப்பித்தாயிற்று.
கப்டன் ரொட்ரிகோ தலையாட்டியாயிற்று.

என்னில் ஒருத்தி ஏற்கெனவே இறங்கிவிட்டாள்.
கயிறு கட்டி, கதவு திறந்து,
ஜெட்டியில் நின்று பிளேன்டீ குடிக்கிறாள்.
உடம்பு மட்டும்தான்
பதினைந்து பயணிகளோடு இன்னும் வானத்தில்.

அப்போது பிலோமினா.
ஜெட்டியில் காற்றுப்பை பார்ப்பவள்,
ரேடியோவில் ஒருநாளும் அவசரப்படாதவள்.

"காத்து திரும்பிருச்சு சேர்.
இப்ப அணைப் பக்கமிருந்து அடிக்குது, பத்து நொட்.
நோர்வூட் பக்கமா வாங்க."

வாங்க என்றாள்,
முன்வாசல் கழுவியிருக்கிறது, பின்கதவால் வாருங்கள்
என்பதைப் போல.

பின்கதவு வழியில்
குறுக்கே மின்கம்பி.
கல் தேவாலயத்தின் கூரை.
லயத்துக் கொடிகளில் ஒருபோதும் காயாத சட்டைகள்.
கொழுந்து பறிப்பவர்கள் நிமிர்ந்தால்
எங்கள் அடிவயிற்றில் எழுதியதை வாசிக்கக்கூடிய ஒரு சரிவு.
எழுதிவைத்த திசையோடு நூற்றெண்பதைக் கூட்டு.
இடம் எல்லாம் வலம்.
மனப்பாடம் செய்த ஏரி
அவசரத்தில் கழற்றிய சட்டையாய்
உள்பக்கம் வெளியே தெரியக் கிடக்கிறது.

மூன்று செக்கன் யாரும் பேசவில்லை.
மூன்று செக்கன் என்பது நூற்றிருபது மீட்டர்.

ரொட்ரிகோவின் கை த்ரொட்டிலில்.
முப்பது வருடத்துக் கை.
பத்து நொட்தானே என்றது அது, அவர் வாய் திறக்காமலே.
எனக்கும் அந்தக் கையை நம்ப ஆசைதான்.
நீர் நீளமாகத்தான் கிடக்கிறது,
ஏற்கெனவே இறங்கியவளும் அங்கேதான் நிற்கிறாள்.
ஆனால் நீரில் காற்றுக் கிழித்த வெள்ளைக் கோடுகள்
எங்களோடு ஒரே பக்கம் ஓடுகின்றன,
எங்களை முந்திக்கொண்டு போகும் பிள்ளைகளைப் போல.

விமானத்தைத் திருப்புவது பெரிய காரியமில்லை.
ஜெட்டியில் பிளேன்டீ குடிப்பவளைக்
கூப்பிட்டு மேலே ஏற்றவேண்டும்.
கோப்பையைக் கீழே வைக்க மாட்டேன் என்கிறாள்.

"சுற்றுவோம் சேர்."
குரல் எனக்கே சின்னதாய்க் கேட்டது.
இரண்டாந்தரம் சேர் இல்லாமல்:
"சுற்றுவோம்."

கை முன்னால் போனது.
எஞ்சின்கள் இரண்டும் பல்லைக் கடித்தன.
பின்னால் ஒருவர் ஜெர்மன் மொழியில்
கடவுளைக் கூப்பிட்டார். கெட்ட வார்த்தையாகவும் இருக்கலாம்.

அணையிலிருந்து எட்டி, மலையைச் சுற்றி,
முதன்முறை பார்க்கிற ஏரியைப்போல
ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொன்னேன்:
கம்பி. கூரை. சட்டைகள். சரிவு. நீர்.
ரொட்ரிகோ ஒவ்வொன்றுக்கும் "ம்" என்றார்.
கம்பி காலுக்கடியில் போனபோது மட்டும்
"ம்" கொஞ்சம் நீண்டது.

இடது மிதவை தொட்டது.
யோசித்து, வலதும்.

பிலோமினா கயிற்றை இழுத்துக் கட்டியபடி,
தான் ஏதோ தவறு செய்ததுபோல் சொன்னாள்:
"நீங்க தண்ணியத் தொட்ட ஒடனே
காத்து பழையபடி நோர்வூட் பக்கம் திரும்பிருச்சு மிஸ்."

காற்றுப்பையைப் பார்த்தேன்.
அது எங்களைப் பார்க்காமல் அந்தப் பக்கம் நீண்டிருந்தது.
ரொட்ரிகோ சிரிக்கவில்லை.
நாலு நிமிடத்துக்கான எரிபொருளைக்
கூட்டி எழுதினார், கையெழுத்து நேராகத்தான் இருந்தது.

எனக்கென்று ஊற்றிவைத்த பிளேன்டீ
ஆறி, மேலே ஏடு கட்டியிருந்தது.
விரலால் ஒதுக்கிவிட்டுக் குடித்தேன்.